வயிறு நிறைந்தால் மட்டும் போதுமா?

(சமூக உணவுத் திட்டங்கள் பற்றிய தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"சமூக உணவுத் திட்டங்களுக்கு ஆலோசனை சொல்ல அரசாங்கம் ஒரு மன்றம் அமைக்க வேண்டுமா?" இதுதான் இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் கேள்வி. வேண்டும் என்ற பக்கத்தில் நின்று பேச வந்திருக்கிறேன்.

இந்தத் தலைப்பைக் கேட்டதும் பலருக்கு ஒரு சந்தேகம் வரும். சிங்கப்பூரில் யாராவது பட்டினி கிடக்கிறார்களா? தேக்கா நிலையத்துக்குப் போனால் காலை 7 மணிக்கே தோசைக்கல் சூடாக இருக்கிறது. சிராங்கூன் சாலையில் ஆலயத்துக்கு ஆலயம் அன்னதானம் நடக்கிறது. டௌனர் ரோட்டில் மத்திய சீக்கியர் கோயிலுக்குப் போனால், நீ யார் என்று கேட்காமல் சாப்பாடு போடுகிறார்கள். ரமலான் மாதம் வந்தால் பள்ளிவாசல்களில் நோன்புக் கஞ்சி. இப்படிப்பட்ட ஊரில் பசியா என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும்.

ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. சிங்கப்பூர் உணவு வங்கிக்காக சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தின் லீன் நிலையம் 2019ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு நடத்தியது. அதற்கு முந்திய 12 மாதங்களில் ஒரு தடவையாவது போதுமான, சத்தான உணவு கிடைக்காமல் சிரமப்பட்ட குடும்பங்கள் 10.4 விழுக்காடு என்று அது சொன்னது. பத்தில் ஒரு குடும்பம். அப்படிச் சிரமப்பட்டவர்களில் உணவு உதவி பெற்றவர்கள் 22 விழுக்காடு மட்டுமே. மற்றவர்கள் ஏன் பெறவில்லை? உதவி இருப்பதே சிலருக்குத் தெரியவில்லை. சிலருக்குக் கேட்க வெட்கம். "என்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்குப் போகட்டும்" என்று ஒதுங்கியவர்களும் உண்டு.

நேயர்களே, இது ஒரு பக்கம். இனி மறுபக்கத்தைப் பாருங்கள்.

நம் சமூகமும் நீரிழிவும்

2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சுகாதார அமைச்சு நாடாளுமன்றத்தில் நீரிழிவு நோய்மீது போர் அறிவித்தது. காரணம் இல்லாமல் அறிவிக்கவில்லை. எதுவும் செய்யாமல் விட்டால் 2050ஆம் ஆண்டுக்குள் பத்து லட்சம் பேர் இந்த நோயோடு வாழ்வார்கள் என்று கணித்திருந்தார்கள். நம் நாட்டில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் மூவரில் இருவருக்கு நீரிழிவுதான் காரணம்.

இந்தியர்களாகிய நாம் இதில் முன்வரிசையில் நிற்கிறோம். 2010ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் இந்தியர்களில் 17.2 விழுக்காட்டினருக்கும், மலாய்க்காரர்களில் 16.6 விழுக்காட்டினருக்கும், சீனர்களில் 9.7 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு இருந்தது. இந்த வரிசையில் முதலிடம் பிடித்ததில் நமக்கு என்ன பெருமை?

உப்பின் கதையும் இப்படித்தான். ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2022ஆம் ஆண்டு தேசிய ஊட்டச்சத்து ஆய்வின்படி சிங்கப்பூர்வாசி ஒருவர் சராசரியாக 3,620 மில்லிகிராம் எடுத்துக்கொள்கிறார்.

இரண்டும் ஒரே வீட்டில்

பசி ஒரு வீட்டில், நீரிழிவு இன்னொரு வீட்டில் என்று நினைக்கிறோம். இல்லை. இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. என் பேச்சின் மையமே இதுதான்.

எண்ணிப் பாருங்கள். ஓரறை வாடகை வீட்டில் தனியாக வசிக்கும் முதியவர் ஒருவர். அவருக்கு நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. மாதம் ஒரு முறை அவர் வாசலுக்கு உணவுப் பை வருகிறது. அதில் வெள்ளை அரிசி, உடனடி மீ, பிஸ்கட், டின் மீன், மூன்று-ஒன்று காப்பித்தூள். நன்கொடை கொடுப்பவர்கள் நல்ல மனத்தோடுதான் கொடுக்கிறார்கள். கெட்டுப்போகாத பொருள், தூக்கிச் செல்ல எளிது, விலையும் குறைவு என்பதால் இவற்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் உடனடி மீயின் பல வகைகளில், ஒரு பாக்கெட்டில் இருக்கும் சோடியமே ஒரு நாள் அளவில் பாதியைத் தாண்டிவிடுகிறது. பலதுறை மருந்தகத்தில் மருத்துவர் "சீனியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள்" என்கிறார். வாசலில் வந்து விழும் பையில் இருப்பதோ சீனியும் உப்பும்தான். அந்த முதியவர் யார் பேச்சைக் கேட்பார்? பசியின் பேச்சைத்தான் கேட்பார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுபவர், இன்சுலின் போட்டுக்கொள்பவர், நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை திடீரென இறங்கி மயங்கி விழலாம். இவருக்கு என்ன சாப்பாடு கிடைக்கிறது என்பதோடு எப்போது கிடைக்கிறது என்பதும் முக்கியம். மூன்று குழுக்கள் ஒரே சனிக்கிழமை சாப்பாடு கொண்டுவந்து, செவ்வாய்க்கிழமை யாருமே வராமல் போனால், மொத்தக் கணக்கில் உணவு போதும். அவர் உடம்புக்குப் போதாது.

மருத்துவரும் நன்கொடையாளரும் ஒரே மனிதருக்குத்தான் நன்மை செய்கிறார்கள். ஆனால் இவர்கள் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுவதற்கு நிரந்தரமான இடம் ஒன்று இல்லை. அந்த மேசையைத்தான் நான் ஆலோசனை மன்றம் என்கிறேன்.

இருப்பவை போதாதா?

"சுகாதார மேம்பாட்டு வாரியம் இருக்கிறதே, இன்னொரு மன்றம் எதற்கு?" என்று நண்பர்கள் கேட்பார்கள். வாரியம் 2001ஆம் ஆண்டிலிருந்து அரிய பணி செய்து வருகிறது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

பானங்களையே எடுத்துக்கொள்வோம். 2022ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி முதல் போத்தலிலும் டின்னிலும் அடைத்து விற்கும் பானங்களுக்கு நியூட்ரி-கிரேட் தரக் குறியீடு வந்தது. மறு ஆண்டு அதே நாளில் கடையில் கலக்கிக் கொடுக்கும் பானங்களுக்கும் வந்தது. அடைத்து விற்கும் பானங்களின் இடைநிலைச் சீனி அளவு 2017ஆம் ஆண்டில் 7.1 விழுக்காடாக இருந்தது. 2023ஆம் ஆண்டில் 4.6 விழுக்காடாகக் குறைந்தது. உப்பும் கொழுப்பும் அதிகமுள்ள சில உணவுப் பொருள்களுக்கும் 2027ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து இத்தகைய குறியீடு வரும் என்று அறிவித்திருக்கிறார்கள். நல்ல செய்திதான்.

ஆனால் குறியீடு யாருக்குப் பயன்படும்? கடைக்குப் போய், இரண்டு போத்தலைக் கையில் எடுத்து, எது நல்லது என்று தேர்ந்தெடுக்க முடிந்தவருக்குப் பயன்படும். கையில் திணிக்கப்பட்ட பையை வாங்கிக்கொள்பவருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமையே இல்லையே.

இது எத்தனை பேர் பொறுப்பு என்று பாருங்கள். நோய்த் தடுப்பு சுகாதார அமைச்சிடம். உதவி தேவைப்படும் குடும்பங்கள் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சிடம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலை கல்வி அமைச்சிடம். வெளிநாட்டு ஊழியர் தங்கும் விடுதி மனிதவள அமைச்சிடம். உணவுப் பாதுகாப்பு சிங்கப்பூர் உணவு அமைப்பிடம். இவற்றோடு நூற்றுக்கும் மேற்பட்ட தொண்டு அமைப்புகளும் ஆலயங்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் குடியிருப்பாளர் குழுக்களும் இருக்கின்றன. கைகள் பல. எல்லாம் நல்ல கைகள்.

ஒருங்கிணைப்பு முயற்சியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2019ஆம் ஆண்டில் அரசாங்க அமைப்புகளையும் உணவு வழங்கும் தொண்டு அமைப்புகளையும் சேர்த்து ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டது. அதற்கு முன்பு, 2017 நவம்பர் முதல் 2018 ஜனவரி வரை, நீரிழிவு பற்றிக் கலந்து பேசப் பொதுமக்கள் 76 பேரைக் கொண்ட குடிமக்கள் குழு கூடியது. நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் சாதாரண மக்களும் வார இறுதிகளில் உட்கார்ந்து யோசித்து, பரிந்துரைகளை எழுதிக் கொடுத்தார்கள். சுகாதார அமைச்சு அவற்றுக்குப் பதிலும் அளித்தது. நம் மக்களிடம் கேட்டால் பொறுப்போடு பதில் சொல்வார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? ஆனால் வேலை முடிந்ததும் குழு கலைந்தது. நோய் கலையவில்லை.

மக்களைக் கேட்காமல் திட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே பாடம் இருக்கிறது. 1992ஆம் ஆண்டில் பள்ளிகளில் உடல் பருமனைக் குறைக்க ஒரு திட்டம் வந்தது. ஆங்கிலத்தில் அதன் பெயரைச் சுருக்கி 'டாஃப்' என்றார்கள். பருமனான பிள்ளைகளைத் தனியே பிரித்து ஓட வைத்தார்கள். அந்தச் சுருக்கப் பெயரைத் திருப்பிப் போட்டு, 'ஃபேட்' என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். எடை குறைந்தது உண்மை. பிள்ளைகள் மனம் புண்பட்டதும் உண்மை. 2007ஆம் ஆண்டில் அந்தத் திட்டம் முடிவுக்கு வந்தது. தொடக்கத்திலேயே நாலு பெற்றோரையும் நாலு பிள்ளைகளையும் மேசையில் உட்கார வைத்திருந்தால் இத்தனை ஆண்டு பிடித்திருக்குமா?

பிற நாடுகள் சொல்லும் பாடம்

தமிழ்நாட்டைப் பாருங்கள். காமராசர் 1950களில் பள்ளிகளில் மதிய உணவைப் பரவலாக்கினார். எம்.ஜி.ஆர். 1982ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் தேதி அதைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். பின்னர் கருணாநிதி ஆட்சியில் தட்டில் முட்டை வந்தது. 2022ஆம் ஆண்டு செப்டம்பரில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் வயிறு, பிறகு சத்து, பிறகு நேரம் என்று படிப்படியாக வளர்ந்த கதை அது. ஆட்சி மாறினாலும் சோறு நிற்கவில்லை.

அதைவிட நமக்கு வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்தியாவின் 2013ஆம் ஆண்டு தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஒவ்வொரு மாநிலமும் ஓர் உணவு ஆணையம் அமைக்க வேண்டும் என்கிறது. தலைவர், ஐந்து உறுப்பினர்கள், ஓர் உறுப்பினர்-செயலாளர். அவர்களில் குறைந்தது இரு பெண்கள் இருக்க வேண்டும். தாழ்த்தப்பட்டோரில் ஒருவரும் பழங்குடியினரில் ஒருவரும் இருக்க வேண்டும். யார் பசியை அதிகம் அறிந்தவர்களோ அவர்களுக்கு நாற்காலி உண்டு என்று சட்டமே எழுதி வைத்தது. எல்லா மாநிலத்திலும் அது ஒரே மாதிரி நடக்கிறதா என்பது வேறு விவாதம்.

பிரேசில் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே தேசிய உணவு, ஊட்டச்சத்துப் பாதுகாப்பு மன்றம் 2003ஆம் ஆண்டில் அதிபர் லூலா காலத்தில் மறுபடியும் அமைக்கப்பட்டது. உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் மக்கள் அமைப்புகளிலிருந்து வந்தார்கள். ஒரு பங்கினர் மட்டுமே அரசாங்கத் தரப்பு. மாநிலங்களிலும் இதே போன்ற மன்றங்கள் தோன்றின. பள்ளி உணவுக்கு ஒதுக்கும் மத்திய அரசின் பணத்தில் குறைந்தது 30 விழுக்காட்டைச் சிறு விவசாயக் குடும்பங்களிடம் பொருள் வாங்கச் செலவிட வேண்டும் என்று 2009ஆம் ஆண்டில் சட்டம் வந்தது. அதற்காகப் போராடியவர்களில் இந்த மன்றமும் ஒன்று.

ஆனால் அதே மன்றம் முன்பு 1995ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. 2019ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளில் புதிய அதிபரின் கையெழுத்தால் மீண்டும் முடங்கியது. 2023ஆம் ஆண்டில்தான் திரும்பி வந்தது. இதிலிருந்து என்ன தெரிகிறது? ஆலோசனை மன்றம் என்பது ஆட்சியாளர் விரும்பும்வரை வைத்துக்கொள்ளும் அலங்காரப் பொருளாக இருந்தால் பயனில்லை. அது நாடாளுமன்றத்துக்குக் கணக்குச் சொல்வதாக, மக்களுக்குத் தெரிந்ததாக, வேர் பிடித்ததாக இருக்க வேண்டும்.

மன்றம் என்ன செய்ய வேண்டும்?

சிங்கப்பூருக்கு நான் முன்வைப்பது இதுதான். மூன்றில் ஒரு பங்கு அமைச்சுகளும் வாரியங்களும். ஒரு பங்கு உணவு வழங்குபவர்கள்: தொண்டு அமைப்புகள், வழிபாட்டுத் தலங்கள், உணவு வழங்கும் நிறுவனங்கள், பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துபவர்கள். மூன்றாவது பங்கு அந்த உணவைச் சாப்பிடுபவர்கள். வாடகை வீட்டு முதியவர் ஒருவர், பள்ளி உணவு உதவி பெறும் பிள்ளையின் தாய் ஒருவர், விடுதியில் தங்கும் ஊழியர் ஒருவர். இந்த மூன்றாவது பங்கு இல்லாவிட்டால் மன்றமே வேண்டாம் என்பேன்.

அவர்கள் முன் முதலில் வர வேண்டிய வேலைகள் நான்கு.

முதலாவது, உணவுப் பையின் தரம். கட்டாயச் சட்டம் வேண்டாம். ஒரு நல்ல பையில் என்ன இருக்க வேண்டும் என்று எளிய பட்டியல் போதும். பழுப்பு அரிசி, பருப்பு, ஓட்ஸ், உப்புக் குறைந்த டின் வகைகள். அதைவிட நல்ல வழியும் இருக்கிறது. ஃபுட் ஃபிரம் த ஹார்ட் அமைப்பு 2020ஆம் ஆண்டில் மவுண்ட்பேட்டனில் சமூகக் கடை ஒன்றைத் திறந்தது. உதவி பெறுபவர்கள் அங்கே போய்த் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே எடுத்துக்கொள்ளலாம். இப்படித் தேர்ந்தெடுக்க விட்டால் மானமும் மிஞ்சும், பொருளும் வீணாகாது.

இரண்டாவது, நாள்காட்டி. எந்த வட்டாரத்தில் எந்த நாளில் யார் கொடுக்கிறார்கள், எந்த நாள் வெறுமையாக இருக்கிறது என்ற கணக்கு. கல்வி அமைச்சின் நிதியுதவித் திட்டத்தில் தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு வாரம் 7 வேளை, உயர்நிலைப்பள்ளி மாணவர்களுக்கு வாரம் 10 வேளை உணவுக்கு உதவி கிடைக்கிறது. பாராட்ட வேண்டிய திட்டம். ஆனால் ஜூன் விடுமுறையிலும் ஆண்டு இறுதி விடுமுறையிலும் அந்தப் பிள்ளைகளின் மதிய உணவை யார் பார்த்துக்கொள்வது? இப்படிப்பட்ட கேள்வியைக் கேட்பதுதான் மன்றத்தின் வேலை.

மூன்றாவது, வெளிநாட்டு ஊழியர்களின் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் நாம் பார்க்கும் தம்பிமார்கள் மற்ற ஆறு நாளும் என்ன சாப்பிடுகிறார்கள்? பலருக்கு விடியும் முன்பே காலை உணவும் மதிய உணவும் சேர்ந்து பொட்டலமாக வந்துவிடும். மதியம் வேலையிடத்தில் அதைப் பிரிக்கும்போது சமைத்துப் பல மணி நேரம் ஆகியிருக்கும். சமைத்த உணவை வெளியில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பில் பாலபாடம். 2020ஆம் ஆண்டு கொவிட் காலத்தில் விடுதிகள் மூடப்பட்டபோது லட்சக்கணக்கான ஊழியர்களுக்கு அரசாங்கமே வேளைக்கு வேளை உணவு ஏற்பாடு செய்தது. தொடக்கத்தில் குறைகள் வந்தன. ஊழியர்கள் சொன்னதைக் கேட்டு அவரவர் ஊர்ச் சுவைக்கு மாற்றினார்கள். நெருக்கடியில் முடிந்தது சாதாரண நாளில் முடியாதா?

நான்காவது, மிஞ்சும் உணவு. நன்கொடையாகக் கொடுக்கும் உணவால் வழக்கு வந்துவிடுமோ என்று ஹோட்டல்களும் கடைகளும் முன்பு தயங்கின. உரிய பாதுகாப்போடு கொடுப்பவர்களைக் காக்க 2024ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. கதவு திறந்துவிட்டது. இனி அந்தக் கதவு வழியே பழமும் காய்கறியும் வருகின்றனவா, கேக்கும் ரொட்டியும் மட்டும்தான் வருகின்றனவா என்று பார்க்க ஆள் வேண்டும்.

மன்றம் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வைக்க வேண்டும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் உரிய அமைச்சு மூன்று மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். "முடியாது" என்றாலும் பரவாயில்லை. காரணத்தோடு சொன்னால் போதும்.

சில மறுப்புகள்

மன்றம் வந்தால் சிறு குழுக்களுக்குச் சுமை கூடும் என்று ஒரு தரப்பு சொல்கிறது. படிவம் நிரப்பவே நேரம் போய்விட்டால் யார் சமைப்பது என்கிறார்கள். சரியான கவலை. அதனால்தான் இதை அதிகாரம் செய்யும் அமைப்பாக இல்லாமல் ஆலோசனை சொல்லும் அமைப்பாக வைக்கச் சொல்கிறேன். வாரம் ஒரு நாள் நாற்பது பேருக்குச் சமைக்கும் குழுவுக்கு உரிமம் வேண்டாம். நல்ல வழிகாட்டி ஒன்று போதும்.

"இலவசமாகக் கிடைப்பதில் குறை சொல்லலாமா?" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கணக்கு. இன்று பையில் சில வெள்ளியை மிச்சப்படுத்தி, நாளை அதே மனிதருக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் செய்தால் அது சிக்கனமா? அந்தச் செலவையும் நாம்தான் தருகிறோம். கால் இழந்தவரின் வேதனைக்கு எந்த வெள்ளியில் கணக்குப் போடுவது?

நம் அன்னதானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆலயச் சாப்பாட்டில் குற்றம் காண்பதாக யாரும் நினைக்க வேண்டாம். சாம்பாரில் காய்கறி கொஞ்சம் கூடட்டும், சோறு கொஞ்சம் குறையட்டும், பாயசம் சிறிய கிண்ணத்தில் வரட்டும். இதனால் பக்தி குறையுமா? வரிசையில் நிற்பவர்களில் எத்தனை பேர் சட்டைப்பையில் நீரிழிவு மாத்திரை வைத்திருக்கிறார்கள் என்பது பரிமாறுபவர்களுக்குத் தெரியும்.

நேயர்களே, 1946ஆம் ஆண்டில், போர் முடிந்து அரிசிக்குத் திண்டாடிய காலத்தில், இந்த ஊரில் புதிதாகப் பிறந்த சமூகநலத் துறை மக்கள் உணவகங்களைத் திறந்து மலிவு விலையில் சாப்பாடு போட்டது. மறு ஆண்டு பிள்ளைகளுக்கு உணவளிக்கும் நிலையங்கள் வந்தன. வசதியே இல்லாத காலத்தில் அப்படிச் செய்ய முடிந்தது. அன்று தேவை, எப்படியாவது ஒரு தட்டுச் சோறு. இன்று தட்டு கிடைக்கிறது. அந்தத் தட்டில் இருப்பது சாப்பிடுபவரை வாழ வைக்கிறதா என்று கேட்க வேண்டிய காலம் இது.

அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு ஒரு மேசை போடுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டுக்கொள்கிறேன். மன்றம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த முறை நன்கொடைப் பை கட்டும்போது, நம் வீட்டுப் பெரியவருக்கு இதைக் கொடுப்போமா என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுக் கட்டுங்கள்.